விரலி - ஒன்று, நல்ல நிலையில்

பள்ளிக்கு ஒரு பொருள் வந்து சேர்ந்தால், அதன் பெயரையும் எண்ணிக்கையையும் இருப்புப் பதிவேட்டில் எழுதி, அருகே 'நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று சான்றளித்துக் கையொப்பமிட வேண்டும். நான் தமிழாசிரியை. கையெழுத்து திருத்தமாக இருக்கும் என்ற ஒரே தகுதியால் அந்த வேலை என்னிடம் வந்தது. வந்த வேலை பிறகு என்னை விட்டுப் போகவில்லை. நாற்காலி, துடைப்பம், புவியுருண்டை, மின்விசிறி என்று எது வந்தாலும் அதே தொடர். எனக்கு முன் எழுதியவர்கள் 'பெற்று கொள்ளப்பட்டது' என்று ஒற்றில்லாமல் எழுதியிருந்தார்கள். நான் பழைய பக்கங்களிலும் சிவப்பு மையால் ஒரு 'க்' சேர்த்தேன். விடுபட்ட மெய்யெழுத்தைத் தேடித் தேடிச் சேர்த்த நான், தொடர் சொல்வது மெய்தானா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

பொருள்களின் பெயரையும் இயன்றவரை தமிழில்தான் எழுதினேன். ஹார்ட் டிஸ்க் வன்தட்டு ஆனது. பென் டிரைவ் விரலி ஆனது. எங்கள் பள்ளி எழுத்தர் பொன்னமராவதிக்காரர், வாய் ஓயாதவர். விரலி என்ற சொல்லைப் பதிவேட்டில் முதலில் கண்டபோது கேட்டார்:

"மேடம், இத எடுத்துக்கிட்டுப் போயி கடையில நீட்டினா, கால் கிலோவா அரைக் கிலோவான்னு கேப்பான்."

"பென் டிரைவுக்குத் தமிழ் அதுதான்."

"மஞ்சளுக்கும் தமிழ் அதுதான மேடம்."

விரலி மஞ்சளையும் விரல் நீளமுள்ள நினைவகத்தையும் ஒரே சொல் குறிப்பதில் பிழையில்லை, இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம் என்று விளக்கினேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போனார். அந்த விளக்கத்தை இன்னொரு முறை சொல்ல வேண்டிவரும் என்று அப்போது தோன்றவில்லை.

அந்த விரலி எட்டு ஜிபி கொள்ளளவு உடையது. எழுத்தர் இரண்டு கோடை விடுமுறைகளைச் செலவிட்டுப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் அனைத்தையும் பக்கம் பக்கமாக ஸ்கேனரில் ஒளிநகல் எடுத்து அதில்தான் ஏற்றினார். பள்ளி நடுநிலைப் பள்ளியாக இருந்த காலத்துப் பதிவேடுகள் அவை. தாள் தொட்டால் ஒடியும், மை பழுப்பாகிவிட்டிருந்தது.

பிறகு மேலிடத்திலிருந்து பெரிய கொள்ளளவுள்ள சேமிப்புக் கருவி வாங்க அனுமதி வந்தது. விதிப்படி மூன்று விலைப்புள்ளிகள் பெற்றோம்; விதிப்படி மிகக் குறைந்ததை ஏற்றோம். வெளியூர் வணிகர் ஒருவர் இரண்டு டெரா, அதாவது இரண்டாயிரம் ஜிபி, கொள்ளளவுள்ள சிறு கருவியை அனுப்பியிருந்தார். கறுப்பு உலோக உறை, மெருகு, நீல விளக்கு. மற்ற இருவர் சொன்ன விலையில் பாதிகூட இல்லை. பார்த்தவுடன் எனக்கும் ஐயம் எழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். கனமாக இருந்தது. எவர்சில்வர்க் குடம் வாங்கும்போது விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, கனமிருந்தால் தகடு நல்லது என்று தீர்மானிப்பது எங்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம். அதே கையால் இதையும் எடை பார்த்தேன். கணினியில் செருகியபோது இரண்டு டெரா என்றே காட்டியது. ஒற்றுப் பிழையின்றிச் சான்றெழுதிக் கையொப்பமிட்டேன்.

விரலியில் இருந்தவை புதிய கருவிக்கு மாற்றப்பட்டன. கணினியில் இடம் அடைத்துக்கொண்டிருந்த படிகளை எழுத்தர் அழித்தார். விரலியை நான் ஓர் உறையிலிட்டு, மேலே 'விரலி - 1, பாதுகாக்க' என்று எழுதி, பசையிட்டு ஒட்டி, பள்ளி முத்திரையை ஒட்டின் மேல் பதித்து, பொருளறையில் வைத்தேன். ஒளிநகல் இருக்கிறதே என்ற தெம்பில் பழைய பதிவேடுகளைச் சுவரோரத்து மர அலமாரியில் அடுக்கிப் பூட்டினோம். அதன் பின் அந்த அலமாரியை எவரும் திறக்கவில்லை. புதிய கருவியில் ஆண்டு விழாக் காணொளிகள், விளையாட்டு விழாக் காணொளிகள், பயிற்சிக் கூட்டத்துப் படங்கள் எல்லாம் சேர்ந்தன.

தலைமையாசிரியர் பணியிடம் காலியாகி, மூப்பின்படி பொறுப்பு என்மேல் விழுந்த ஆண்டில்தான் அந்தப் பெண் அலுவலக அறைக்கு வந்தாள். எங்கள் பள்ளிச் சத்துணவு மையத்தின் சமையல் உதவியாளர். நாள்தோறும் பார்க்கிற முகம். ஆனால் அலுவலக அறைக்குள் அவள் நாற்காலியில் அமர்ந்து நான் கண்டதில்லை, அன்றும் அமரவில்லை.

"டீச்சர், இந்த மாசத்தோட என்னை நிப்பாட்டப் போறாகளாம்."

ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை நீட்டினாள். ஆதார் அட்டையில் உள்ள பிறந்த தேதியின்படி அவளுக்கு ஓய்வு வயது நிறைவடைகிறது. மறுப்பு இருந்தால், மாத இறுதிக்குள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் சான்றிட்ட நகலைத் தர வேண்டும்.

"அட்டையில் உள்ளது தவறா?" என்றேன்.

"தப்புத்தான் டீச்சர். கார்டு எடுக்க வந்த அன்னைக்கு எம் மாமியாதான் பக்கத்துல நின்னுச்சு. வயசு என்னன்னு அவுக கேட்டாக. நான் வாயத் தொறக்கு முன்னாடி அதுவா ஒண்ணச் சொல்லிருச்சு. மாமியா சொன்னா கொறைச்சா சொல்லும்?"

எழுத்தர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள்.

"நாலு வருசம் கூடப் போட்டுருக்கு. இங்கதான எட்டாப்பு வரைக்கும் படிச்சேன். நோட்டுல இருக்கும்ல?"

"இருக்கும்க்கா. எல்லாத்தயும் நான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். நாளைக்கே வாங்கிக்கலாம்" என்றார் எழுத்தர்.

கணவர் படுக்கையில் இருப்பதையும், வீட்டில் வேறு வேலை செய்பவர் இல்லை என்பதையும் எழுத்தர்தான் பிறகு சொன்னார். அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கருவியைச் செருகினோம். ஆண்டுவாரியான கோப்புறைகள் வரிசையாகத் தெரிந்தன. அவள் சேர்ந்த ஆண்டின் பெயரும் இருந்தது. உள்ளே பக்க எண்களும் இருந்தன. ஒரு பக்கத்தைத் திறந்தோம். திறக்கவில்லை. அடுத்தது பாதி சாம்பல் நிறமாகத் திறந்தது. இன்னொன்று திறந்தபோது எங்கள் ஆண்டு விழாக் கும்மியின் ஒரு கீற்று கோணலாகத் தெரிந்தது. பெயர்கள் அனைத்தும் ஒழுங்காக இருந்தன. எந்தப் பெயருக்கும் பொருள் இல்லை.

"சரி, அசல் பதிவேட்டையே எடுத்துவிடுவோம்" என்றேன். அலமாரியைத் திறந்தபோது கதவோடு செம்மண் உதிர்ந்தது. கறையான் பின்பலகை வழியாக ஏறி, கீழ்த்தட்டை முழுதும் தின்று, மேல்தட்டில் பாதியில் இருந்தது. அவளுடைய பதிவேட்டில் முதுகும், இடப்பக்கத்து மூன்று விரல் அகலமும் எஞ்சியிருந்தன. வரிசை எண் இருந்தது. பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் இருந்தன. தேதிக்குரிய கட்டம் இருந்த இடத்தில் வெறும் மண்.

எழுத்தர் உதிர்ந்த மண்ணைக் கையாலேயே கூட்டி அள்ளினார். இரண்டு கோடைகள் அவருடையவை.

மறுநாள் விடுப்பெடுத்துக்கொண்டு கருவியுடன் புதுக்கோட்டைக்குப் போனேன். முதல் இரண்டு கடைகளில், பழசைப் பார்ப்பதில்லை, புதிது தருகிறோம் என்றார்கள். மூன்றாவது, மாடியில் இருந்த ஒரு பழுதுநீக்கும் கடை. அதை நடத்தியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். கருவியைக் கணினியில் செருகாமலே விளிம்பில் சிறு கத்தியை நுழைத்து நெம்பித் திறந்தார்.

"பாத்தீங்களா மேடம். கனமா இருக்கட்டும்னு ரெண்டு நட்டு ஒட்டியிருக்கான்."

உறைக்குள் இரண்டு இரும்பு நட்டுகள் பசையில் பதிந்திருந்தன. அவற்றின் அருகே சிறு பலகையில், சுண்டுவிரல் நகமளவு கார்டு ஒன்று.

"இதுதான் சரக்கு. போன்ல போடுறோமே, அந்த மெமரி கார்டு. அறுபத்திநாலு ஜிபி."

"இரண்டு டெரா என்று காட்டியதே?"

"காட்டும். அப்படிக் காட்டச் சொல்லித்தான எழுதி வச்சிருக்கான்."

"அப்படியென்றால் நாங்கள் ஏற்றியவை எங்கே போயின?"

"எங்கிட்டும் போகல. அறுபத்திநாலு நெறஞ்சதும் மறுபடி மொதல்ல இருந்து, பழசு மேலயே எழுதும். கரும்பலகைல அழிக்காம மேல மேல எழுதினா என்ன ஆகும்? டீச்சர்தானே நீங்க, ஒங்களுக்குத் தெரியாததா?"

மீட்க வழியுண்டா என்று கேட்டேன். ஒரு மணி நேரம் முயன்று பார்த்தார். கும்மிதான் வந்தது.

அவர் கடையில் நான் அமர்ந்திருந்த பொழுதில், மலிவான சேமிப்புக் கருவிகளை மதிப்பிடும் முறையைக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். சொன்னவற்றுள் கனமும் மெருகும் இல்லை. உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் கணினி காட்டும் எண்ணையும் நம்பக் கூடாது. இரண்டையும் எழுதுபவன் ஒருவனே. கருவியை விளிம்புவரை நிரப்ப வேண்டும். நிரப்பியவற்றை முதலிலிருந்து கடைசிவரை திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்யும் நிரல் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் பெரிய கருவிக்கு ஒரு பகலுக்கு மேலும் ஆகும். மற்றவர்கள் கேட்கும் விலையில் பாதிக்கும் கீழே ஒருவன் கொடுத்தால், பாதிக்கும் கீழேதான் உள்ளே இருக்கும். நல்ல கருவியேயானாலும் ஒரு படி போதாது. இரண்டு வேண்டும், இரண்டும் வெவ்வேறு இடத்தில்.

"இதையெல்லாம் செய்து பார்த்துத்தான் எல்லாரும் வாங்குகிறார்களா?" என்றேன்.

"யாரு மேடம் பாக்குறாங்க? வெளக்கு எரிஞ்சா வாங்கிட்டுப் போயிடுறாங்க."

திரும்பும் பேருந்தில் உட்கார இடமில்லை. பையில் இரண்டு நட்டுகளின் கனம் தோளை இழுத்தது. அவற்றை அவர் திருப்பிக் கொடுத்திருந்தார். இருப்புப் பதிவேட்டில் உள்ள பொருளாயிற்றே, நான் விட்டுவிட்டு வர முடியாது.

குன்றாண்டார்கோவிலைத் தாண்டும்போதுதான் பழைய விரலி நினைவுக்கு வந்தது. மாற்றிய பின் அதில் இருந்தவற்றை நாங்கள் அழிக்கவில்லை.

பொருளறையில் உறை இல்லை. இருப்புப் பதிவேட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். என் கையெழுத்தில் 'விரலி - 1, நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்ற பதிவு இருந்தது. அதன் மேல் ஒரு கோடு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வேறொருவர் கையெழுத்து: 'சத்துணவு மைய இருப்புக்கு மாற்றப்பட்டது.' முந்தைய ஆண்டு இருப்புச் சரிபார்ப்புக்கு வேறொரு பள்ளியிலிருந்து வந்த ஆசிரியர் செய்த வேலை. கணினிப் பொருள்களின் பட்டியலில் மஞ்சள் இருப்பதைக் கண்டு, யாரோ செய்த பிழையைத் திருத்துவதாக எண்ணியிருக்கிறார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எழுத்தர் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இடம் நோக்கிப் பொருள் கொண்டுட்டாரு மேடம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் முழுதாக வரவில்லை. மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

சத்துணவு மையத்தில் உணவு பரிமாறி முடிந்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். விரலி என்று எழுதிய உறை ஒன்று வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சே டீச்சர். சீல் வச்சது."

"எங்கே?"

"பத்தரமா இருக்கு."

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து தகர டப்பா ஒன்றை இறக்கினாள். கடுகு, சீரகப் பொட்டலங்களுக்குக் கீழே பாலித்தீன் தாளில் சுற்றி, நூல் கட்டி வைத்திருந்தாள். என் உறை, என் எழுத்து, பள்ளி முத்திரை. ஒட்டுப் பிரியவில்லை.

"நீங்கள் பிரித்துப் பார்க்கவே இல்லையா?"

"ஆபீஸ் சீல் வச்சதை நான் எப்படிப் பிரிக்கிறது? தெனமும் சோத்துல கொஞ்சம் மாதிரிக்கு எடுத்து வைக்கச் சொல்றீக, அது கணக்கா மஞ்சளுக்கும் மாதிரி குடுத்துருக்காக, ஆபீசர் வந்தா காட்டணும்னு நெனச்சேன். என்னடா ஒத்தைத் துண்டு மஞ்சளுக்கு இவ்வளவு பந்தோபஸ்தான்னு நெனச்சேன். கேக்கக் கூச்சமா இருந்துச்சு." உறையை என்னிடம் நீட்டியபடி கேட்டாள்: "ஏன் டீச்சர், மஞ்சள் இல்லையா?"

சொன்னேன். விரலி என்ற சொல்லின் இரு பொருளையும் இரண்டாம் முறையாக விளக்கினேன். முதன்முறை விளக்கியபோது இருந்த மிடுக்கு இல்லை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "அப்ப எம் நோட்டு இதுக்குள்ளயா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

மூவரும் அலுவலக அறைக்கு வந்தோம். உறையை அவள் கண்முன் பிரித்து விரலியைச் செருகினேன். சீரக மணம் வந்தது. எட்டு என்று மேலே அச்சிட்டிருந்த அது, ஏழு புள்ளி நான்கு என்று காட்டியது. கூட்டிக் காட்டாத அந்தக் குறை எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆண்டு வரிசையைத் திறந்து, பக்கத்தைத் திறந்தார் எழுத்தர். பழுப்பு மை, சாய்ந்த கையெழுத்து, கோடு கோடாக முப்பது பெயர்கள். பதினேழாம் வரியில் அவள்.

எழுத்தர் தேதியை வாசித்தார். ஜூன் மாதத்துப் பத்தாம் நாள். அந்தப் பக்கத்திலிருந்த பாதிப் பேர் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருந்தார்கள். பள்ளி திறந்த மாதத்தில் ஒரு நாளைப் போட்டுச் சேர்த்துக்கொள்வது அந்நாளைய தலைமையாசிரியர்களின் வழக்கம். ஆண்டைப் பார்த்தேன். ஆதாரில் உள்ளதைவிட இரண்டு ஆண்டு பின்னது. நான்கு அல்ல.

"ரெண்டுதான் வருது அக்கா" என்றார் எழுத்தர்.

அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "எங்க ஆத்தா நாலுன்னுதான் சொல்லும்" என்றாள். பிறகு, "வாத்தியாரு பாத்துப் போட்டது. ரெண்டு கெடைச்சா போதும் டீச்சர்" என்றாள்.

நகலை அச்சிட்டோம். அதன் கீழே வழக்கமான முத்திரைத் தொடர் இருந்தது: 'அசல் பதிவேட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.' ஒற்று சரியாக இருந்தது. பேனாவை எடுத்த கை நின்றது. ஒப்பிட அசல் இல்லை.

"போட்டுக் குடுங்க மேடம். யாரு வந்து கேக்கப் போறா?" என்றார் எழுத்தர்.

யாரும் கேட்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். இத்தனை ஆண்டுகள் யாரும் கேட்டதில்லை. அதனால்தான் இரண்டு நட்டுகளுக்கு நற்சான்று அளித்திருக்கிறேன். ஆனால் இன்று பின்வாங்கினால் போவது அவளுடைய இரண்டு ஆண்டு. அவளிடம் என் மனச்சான்றைப் பற்றிப் பேசுவதும் முறையில்லை.

கறையான் தின்ற பதிவேட்டை எடுத்துவரச் சொன்னேன். மண்ணைத் தட்டி மேசைமேல் விரித்தோம். பதினேழு என்ற எண்ணுக்கு அருகில், எழுதியவர் பேனாவை உதறியபோது தெறித்த மைத்துளி ஒன்று வால் முளைத்தாற்போல இருந்தது. திரையில் இருந்த பக்கத்திலும் அதே இடத்தில் அதே வால். அவள் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளின் சாய்வு, மேலும் கீழும் உள்ள எண்கள், விளிம்பில் இருந்த பழைய நீர்க்கறை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவளும் குனிந்து பார்த்தாள். எழுத்தர் விளக்கைத் திருப்பிப் பிடித்தார்.

முத்திரைத் தொடரை அடித்துவிட்டுக் கையால் எழுதினேன்: 'பதிவேட்டின் பெரும்பகுதி கறையானால் அழிந்துவிட்டது. அழியுமுன் எடுத்த ஒளிநகலின் படி இது. எஞ்சிய பகுதியுடன் ஒப்பிட்டேன், ஒத்திருக்கிறது.' கையொப்பமிட்டேன்.

ஒன்றிய அலுவலகத்தில் முதல் நாள் அதை வாங்கவில்லை. வழக்கமான வாசகம் இல்லை என்றார்கள். இரண்டாம் நாள் உரியவர் இருக்கையில் இல்லை. மூன்றாம் நாள், மாதத்தின் கடைசி நாள், பதிவேட்டை ஒரு துணிப்பையில் இட்டு நானே எடுத்துச் சென்றேன். விரலியையும் கொண்டு போனேன். உரியவர் மைத்துளியைப் பார்த்தார். தம் கணினித் திரையைப் பார்த்தார். மேசைமேல் உதிர்ந்த செம்மண்ணை நெடுநேரம் பார்த்தார். "இதை ஏம்மா தூக்கிக்கிட்டு வந்தீங்க" என்று சொல்லிக்கொண்டே பெற்றுக்கொண்டார். பதினைந்து நாளில் ஆணை வந்தது. இரண்டு ஆண்டு.

பதிவேட்டு அழிவுக்கும் போலிக் கருவிக்கும் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். அந்த விளக்கத்தில் ஒற்றுப் பிழை பார்க்கவில்லை.

இப்போது கருவி எது வந்தாலும் நிரப்பிப் பார்க்கிறேன். காலையில் தொடங்கினால் மாலைவரை அந்தக் கணினியை வேறெதற்கும் தொட முடியாது. பட்டை ஒன்று மெல்ல மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டே விடைத்தாள் திருத்துகிறேன். சென்ற முறை வந்த மூன்றில் ஒன்று தேறவில்லை. விரலி என்று எழுதுவதை விடவில்லை. பக்கத்தில் 'கணினிக்கு உரியது' என்று சேர்க்கிறேன். மூல ஒளிநகல்களின் படி ஒன்று பள்ளியிலும், ஒன்று என் வீட்டிலும் இருக்கின்றன. மூன்றாவது எங்கே வைப்பது என்று எழுத்தரைக் கேட்டேன். "டப்பாவுலயே வச்சுருவோம் மேடம். அங்கதான் பத்தரமா இருந்துச்சு" என்றார்.

டப்பாவுக்குரியவள் சென்ற வாரம் மதிய உணவு முடிந்ததும் அலுவலக வாசலில் வந்து நின்றாள். கையில் சுண்டுவிரல் நகமளவு கார்டு ஒன்று.

"டீச்சர், போன்ல எடம் இல்லைன்னு சொல்லுது. சந்தையில இத வாங்கினேன். நூத்தி இருபத்தெட்டுன்னு போட்டுருக்கு. நல்லதா பாத்துச் சொல்லுங்க."

வாங்கி உள்ளங்கையில் வைத்தேன். கனமே இல்லை.

"வச்சிட்டுப் போங்க. நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன்" என்றேன்.